ராமானுஜன்: இங்கிலாந்தில் இருந்து சென்னை திரும்பிய பிறகு அந்த 13 மாதங்களில் நடந்தது என்ன?

ஓ.எம்.ஆரில் நாவலூர் தாண்டி சிறுசேரி சிப்காட் உள்ளே போனால், டி.சி.எஸ். மாதிரி பெரிய ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே ஒரு கணிதக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பெயர் சென்னை கணிதவியல் கழகம், சுருக்கமாக சி.எம்.ஐ. கணிதப் பேராசிரியர் சி.எஸ். சேஷாத்ரி 1989ல் தொடங்கிய இந்த நிறுவனம் 2005ல் சிறுசேரிக்கு இடம் மாறியது. இதே சாலையில் தரமணியில் ஒரு ஐ.டி. வளாகத்துக்கே ராமானுஜன் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்த சாலையில் தினமும் போய் வருபவர்களில் பலர் ஆன்சைட் போய் சில வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். சிலர் கணக்கையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட மாணவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான ஒருவர் உண்டென்றால் அது சீனிவாச ராமானுஜன். வெளிநாடு போனார், ஐந்து வருஷம் இருந்தார், பெயர் வாங்கினார், திரும்பி வந்தார்.

ராமானுஜன் கதையை நாம் வழக்கமாக எப்படிக் கேட்டிருக்கிறோம்? கும்பகோணத்து ஏழைப் பையன், துறைமுகத்தில் கிளார்க், ஹார்டிக்குக் கடிதம், கேம்பிரிட்ஜ், டாக்ஸி எண் 1729. அதற்குப் பிறகு ஒரே வரி: உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பி 32 வயதில் இறந்துபோனார். அந்த ஒரு வரிக்குள் 13 மாதங்கள் இருக்கின்றன. அவருடைய ஆழமான கண்டுபிடிப்புகளில் ஒன்று வந்தது அப்போதுதான். குடும்பம் கிட்டத்தட்ட இரண்டாகப் பிரிந்து நின்றதும் அப்போதுதான்.

போகும்போது நிலைமை என்ன?

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணத்தில். ஆனால் அவருக்கு வேலை, நண்பர்கள், ஆதரவு எல்லாம் கிடைத்தது சென்னையில். எஃப்.ஏ. பரீட்சையில் தோற்று, டியூஷன் எடுத்து, ஆட்களைப் பார்த்து அலைந்து, கடைசியில் 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார். முதலில் ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெரு, பிறகு திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெரு. இதுதான் அவருடைய சென்னை.

1909ல் ஜானகியோடு கல்யாணம் நடந்தபோது ஜானகிக்கு வயது 10. 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா கப்பலில் ராமானுஜன் ஏறியபோது ஜானகிக்கு 15 வயது முடிய இன்னும் நான்கு நாள் பாக்கி. கடல் தாண்டினால் சாதியில் இருந்து தள்ளிவைப்பார்கள் என்ற பயம் அன்றைய ஐயங்கார் குடும்பங்களில் ரொம்பப் பெரிய விஷயம். அம்மா கோமளத்தம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து அனுமதித்ததாகச் சொல்லித்தான் கடைசியில் ஒத்துக்கொண்டார். ராமானுஜன் குடுமியை எடுத்தார், கோட்டு சூட்டு போட்டார், போய்விட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்ட் உதவித்தொகை கொடுத்தது. அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக்குப் போக ஏற்பாடு செய்தார்.

ஏன் திரும்பினார்?

போய்ச் சேர்ந்த நாலே மாதத்தில் முதல் உலகப் போர் வெடித்தது. சுத்த சைவம், தன் சமையலைத் தானே செய்துகொள்கிறவர். போர்க் காலத்தில் காய்கறி கிடைப்பதே பெரும்பாடு. ராத்திரி பகல் பார்க்காமல் வேலை, குளிர், நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு. 1917 வசந்தத்தில் படுத்தவர் அதற்குப் பிறகு முழுசாக எழுந்திருக்கவே இல்லை. ஒரு சானடோரியத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இடையில் வீட்டில் இருந்து கடிதமும் சரியாக வரவில்லை. ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் அனுப்ப விடவில்லை என்று பின்னாளில் தெரிந்தது. மனசும் உடைந்துபோன ஒரு கட்டத்தில், 1918 தொடக்கத்தில், உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். காப்பாற்றப்பட்டார்.

கௌரவங்கள் வந்ததும் அதே வருஷத்தில்தான். ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஃபெலோ. டிரினிட்டி ஆறு வருஷத்துக்கு ஆண்டுக்கு 250 பவுண்ட் தருவதாகச் சொன்னது, அதுவும் எந்த நிபந்தனையும் இல்லாமல். 1918 நவம்பர் 11ல் போர் நின்றது. கப்பல் வழி திறந்ததும், ராமானுஜன் கொஞ்ச நாளாவது ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றட்டும் என்று ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். திரும்பவும் இங்கிலாந்து வருவார் என்பதுதான் எல்லோருடைய கணக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 250 பவுண்ட் ஒதுக்கியது. போருக்கு முந்தைய 15 ரூபாய் கணக்கில் பார்த்தால் மாதம் 300 ரூபாய்க்கு மேல். துறைமுகச் சம்பளத்தைப் போல பத்து மடங்கு!

இதற்கு ராமானுஜன் செய்த காரியம் பலருக்குத் தெரியாது. 1919 ஜனவரி 11ஆம் தேதி, படுக்கையில் கிடந்தபடியே, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தத் தொகை தன் தேவைக்கு மேல் இருக்கிறது, ஆண்டுக்கு 50 பவுண்ட் பெற்றோருக்குக் கொடுங்கள், தன் செலவு போக மீதியை ஏழை மாணவர்கள், அனாதைப் பிள்ளைகளின் படிப்புக்கும் புத்தகத்துக்கும் செலவழியுங்கள் என்பது அதன் சாரம். ஸ்காலர்ஷிப் போனதால் படிப்பு நின்ற ஒருவர் இப்படி எழுதுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இதை கும்பகோணத்து வீட்டில் யாரையும் கேட்காமல் எழுதினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

பம்பாய் துறைமுகத்தில் ஒரு கேள்வி

1919 பிப்ரவரி 27ல் நகோயா கப்பலில் கிளம்பி மார்ச் 27ல் பம்பாய் வந்து இறங்கினார். கூட்டிப்போக அம்மாவும் தம்பி லட்சுமி நரசிம்மனும் வந்திருந்தார்கள். ராமானுஜன் முதலில் கேட்டது ஜானகி எங்கே என்பதைத்தான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

ஜானகி எங்கே என்று கும்பகோணத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அண்ணன் கல்யாணத்துக்கு என்று கராச்சி போனவர் மாமியார் வீட்டுக்குத் திரும்பவே இல்லை, பிறந்த வீட்டோடு தங்கிவிட்டார். கணவர் திரும்பி வரும் செய்தி வந்த பிறகுதான் அவர் சென்னைக்குக் கிளம்பினார். போகும்போது சிறுமி. இப்போது வயது 20. இரண்டு பேரும் சேர்ந்து குடும்பம் நடத்தியதே அதற்கு முன் கொஞ்ச காலம்தான், அதுவும் மாமியார் கண்காணிப்பில். ஒரு வகையில், நோயாளியாக வந்து இறங்கிய பிறகுதான் இவர்களுக்கு கல்யாண வாழ்க்கையே தொடங்கியது.

ஏப்ரல் 2ஆம் தேதி ரயிலில் சென்னை வந்து சேர்ந்தார்கள். நகரமும் அப்போது பழைய நகரமாக இல்லை. ரவுலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தலாம் என்று காந்தி முடிவெடுத்ததே, அதற்குச் சில நாள் முன்பு சென்னையில் ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தபோதுதான். கதீட்ரல் சாலையில் இருந்தது அந்த வீடு. ராமானுஜனை முதலில் தங்கவைத்த பங்களா அதன் நேர் தொடர்ச்சியான எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில். அவர் வந்த நாலாம் நாள், ஏப்ரல் 6ல், ஊரே கடையடைப்பு.

ஒரே வருஷத்தில் எத்தனை வீடு!

எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் இருந்து லஸ் சர்ச் ரோட்டில் வெங்கட விலாஸ் என்ற வீடு. வெயிலுக்கு சென்னை ஆகாது என்று அங்கிருந்து காவிரிக் கரையில் ஈரோடு பக்கம் கொடுமுடி. செப்டம்பரில் கும்பகோணம். 1920 ஜனவரியில் மறுபடியும் சென்னை, சேத்துப்பட்டு. அங்கேயும் ஒரே வீடு இல்லை. இங்கிலாந்தில் சானடோரியம் சானடோரியமாக மாறினார், இங்கே வீடு வீடாக மாறினார்.

கொடுமுடியில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்ற ராமானுஜன் காவிரிக்குப் போக வேண்டும். ஜானகியும் கூட வரட்டும் என்றார் அவர். வேண்டாம் என்றார் அம்மா. வெளியில் இருந்து பார்த்தால் ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் அதுவரை அம்மா சொல்லைத் தாண்டாத மகன், அன்றைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஜானகி கூடப் போனார். அந்த வீட்டில் அதிகாரம் கை மாறிய நாள் அது என்றே சொல்லலாம்.

அதற்காக கோமளத்தம்மாளை வில்லியாக்கிவிட வேண்டியதில்லை. மகனுக்குக் கணக்கு வரும் என்பதை ஊருக்கு முன்னால் கண்டுகொண்டவர் அவர். படிப்பு இரண்டு முறை நின்றபோதும் அவனைக் காப்பாற்றிக் கரை சேர்த்தவர். ஐந்து வருஷம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய பிள்ளையைப் பார்த்த ஒரு தாய், பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதற்குச் சண்டை போட்டார். இரண்டு பெண்களும் கேட்டது ஒரே இடத்தைத்தான். ராமானுஜனுடைய கோபமும் இந்த நாட்களில் ஏறிக்கொண்டே போனது. முன்பு ஜோக் அடித்துச் சிரிக்கிறவர், இப்போது சட்டென்று எரிந்து விழுகிறவர்.

கடல் தாண்டிய தோஷமும் தொடர்ந்து வந்தது. ராமேஸ்வரம் கூட்டிப்போய் பிராயச்சித்தம் செய்துவிட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். பயணம் தாங்கும் உடம்பு இல்லாததால் அது நடக்கவே இல்லை. ஊருக்கு வந்துவிட்டார், ஆனால் ஊர் வழக்கப்படி இன்னும் உள்ளே வரவில்லை.

படுக்கையில் இருந்து ஒரு கடிதம்

ஊர் வந்த பிறகு பல மாதங்கள் ஹார்டிக்கு அவர் எழுதவே இல்லை. 1920 ஜனவரி 12ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழக முகவரியில் இருந்து ஒரு கடிதம் போனது. உடம்பைப் பற்றி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. புதிதாக ஒரு வகைச் சார்புகளைக் கண்டுபிடித்திருக்கிறேன், மாக் தீட்டா என்று பெயர் வைத்திருக்கிறேன் என்று சொல்லி, 17 உதாரணங்களை எழுதியிருந்தார். ஹார்டிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதம் இதுதான்.

மாக் தீட்டா என்றால் என்ன? தீட்டா சார்புகள் என்பவை 19ஆம் நூற்றாண்டிலேயே கணித உலகத்துக்கு நன்றாகத் தெரிந்தவை. அவற்றுக்குள் ஒரு ஆழமான சமச்சீர் உண்டு. ராமானுஜன் கண்டுபிடித்தவை சில இடங்களில் பார்க்க அச்சு அசலாக தீட்டா மாதிரியே நடந்துகொள்ளும், ஆனால் தீட்டா கிடையாது. அதனால்தான் போலி என்ற பொருளில் மாக். இவை உண்மையில் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு முழு விடை 2002ல்தான் கிடைத்தது. நெதர்லாந்தில் சாண்டர் ஸ்வேகர்ஸ் என்பவர் தன் பிஎச்.டி. ஆய்வில் அதைச் சொன்னார். கடிதம் போய் 82 வருஷம் கழித்து! இப்போது கருந்துளைகளைப் பற்றிய இயற்பியல் ஆய்விலும் இந்தச் சார்புகள் வருகின்றன.

கூட ஹார்டி இல்லை, நூலகம் இல்லை. ஆனால் காகிதம் இருந்தது, ஜானகி இருந்தார். படுத்தபடியே எழுதுவார், எழுதி முடித்த தாள்களை ஜானகி எடுத்து வைப்பார். வலி அதிகமாகும்போது வெந்நீரில் நனைத்த துணியால் நெஞ்சுக்கும் காலுக்கும் ஒத்தடம் கொடுப்பார். உன்னையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போயிருந்தால் எனக்கு இப்படி ஆகியிருக்காது என்கிற மாதிரி கணவர் வருத்தப்பட்டதை ஜானகி வயதான பிறகும் நினைவில் வைத்திருந்தார்.

சேத்துப்பட்டில் வீடு கொடுத்து உதவியவர் நம்பெருமாள் செட்டி. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய அதே கான்ட்ராக்டர்தான். அங்கே கொடுத்த வீடுகளில் ஒன்றின் பெயர் கிரைனன்ட். ஆங்கிலத்தில் அழுகை என்ற சொல்லோடு தொடங்குகிறது, அபசகுனம் என்று ராமானுஜனுக்குப் பட்டது. அதனால் ஹாரிங்டன் ரோட்டில் கொமேத்ரா என்ற வீட்டுக்கு மாற்றினார்கள். சேத்துப்பட்டுக்கு வந்திருக்கிறோம், இனி எல்லாம் சட்டுபுட்டென்று முடிந்துவிடும் என்று அவர் சிலேடையாகச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

1920 ஏப்ரல் 26 காலை கொமேத்ராவில் ராமானுஜன் இறந்தார். கடைசி நாட்கள் வரை கணக்கு நிற்கவில்லை. இறுதிச் சடங்குக்கு ஆச்சாரம் பார்க்கும் சொந்தக்காரர்களில் பலர் வரவில்லை. காரணம், பிராயச்சித்தம் செய்துகொள்ளாமல் போன கடல் தாண்டியவர்.

காசநோய்தானா?

இங்கிலாந்து டாக்டர்கள் பல நோய்களைச் சந்தேகித்தாலும் காசநோய் என்றுதான் அதிகம் வைத்தியம் பார்த்தார்கள். சென்னையில் பார்த்த மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பி.எஸ். சந்திரசேகரும் காசநோய் என்றே முடிவு செய்தார். ஆனால் 1994ல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய மருத்துவக் குறிப்புகளை எல்லாம் சேர்த்துப் படித்து, இது கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். 1906ல் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது ராமானுஜனுக்கு மோசமான சீதபேதி வந்திருந்தது. அது முழுசாக ஆறாமல் உள்ளேயே தங்கி, வருஷங்கள் கழித்துக் கிளம்பியிருக்கலாம் என்பது அவர் வாதம். இன்றைக்கு இதைச் சோதித்து நிரூபிக்க வழியில்லை.

யங் சொன்னது சரி என்றால், கணக்கு ரொம்பக் கசப்பானது. அமீபா தொற்றுக்கு அப்போதே மருந்து இருந்தது. எமெட்டின் ஊசி போட்டுக் குணப்படுத்தலாம் என்று லியோனார்ட் ரோஜர்ஸ் 1912லேயே காட்டியிருந்தார். அதுவும் எங்கே? கல்கத்தாவில்.

காகிதங்கள் எங்கே போயின?

காரியங்கள் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே ராமானுஜன் எழுதிய தாள்களைப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்து எடுத்துப்போய்விட்டார்கள் என்று ஜானகி பின்னாளில் சொன்னார். 1923ல் அவற்றில் பெரும்பகுதி ஹார்டிக்குக் கப்பலில் போனது. அவரிடம் இருந்து ஜி.என். வாட்சன் என்ற கணித அறிஞருக்கு, வாட்சன் இறந்த பிறகு டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு. அங்கே ஒரு பெட்டியில் கிடந்ததை 1976ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் பார்த்துத் திகைத்துப்போனார். 130க்கும் மேற்பட்ட பக்கங்கள், 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று இன்று உலகம் சொல்வது இதைத்தான். புத்தகம்கூட இல்லை, தனித்தனித் தாள்கள். பெரும்பாலும் ஊர் திரும்பிய அந்தக் கடைசி வருஷத்தில் எழுதியவை. இவற்றை விளக்க ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ன்டும் சேர்ந்து ஐந்து தொகுதிகள் எழுத வேண்டியிருந்தது. அதன் கடைசித் தொகுதி வந்தது 2018ல்.

கணவர் இறந்தபோது ஜானகிக்கு 21 வயது. மாமியாரோடு இருக்க முடியவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்தது மாதம் 20 ரூபாய் பென்ஷன். பம்பாயில் அண்ணன் வீட்டுக்குப் போய் தையல் கற்றுக்கொண்டார். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து அவரும் சென்னை திரும்பி, ராமானுஜன் ஒரு காலத்தில் குடியிருந்த அதே அனுமந்தராயன் கோயில் தெருவில் வீடு எடுத்து, துணி தைத்துப் பிழைத்தார். ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்தார்.

1987 டிசம்பர் 22, ராமானுஜன் நூற்றாண்டு. தொலைந்த நோட்டுப் புத்தகத்தின் அச்சுப் பதிப்பை சென்னையில் வெளியிட்டவர் பிரதமர் ராஜீவ் காந்தி. ஆமாம், ஓ.எம்.ஆருக்கு இன்றைக்கு யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். ஒரு பிரதி ஆண்ட்ரூஸுக்கு, ஒரு பிரதி ஜானகிக்கு. தான் எடுத்து அடுக்கி வைத்த தாள்களை 67 வருஷம் கழித்து ஜானகி புத்தகமாகக் கையில் வாங்கினார். 1994 ஏப்ரல் 13ல் அவர் காலமானார்.

இங்கிலாந்து போவதற்கு முன்பு ராமானுஜன் எழுதி நிரப்பிய மூன்று நோட்டுப் புத்தகங்கள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. திரும்பி வந்த பிறகு சென்னையிலும் கும்பகோணத்திலும் கொடுமுடியிலும் அவர் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன.